சுவர் அளக்க உத்திரமேரூருக்கு

பட்டுச்சேலை எடுக்கக் காஞ்சிபுரம் பக்கம் போகிறவர்கள் உண்டு. சாமி கும்பிடப் போகிறவர்கள் உண்டு. நான் கைப்பையில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு சுவர் அளக்கப் போனேன்.

சென்னையில் ஓர் அமைப்பு இருக்கிறது. தேர்தலில் வேட்பாளர்கள் செய்யும் செலவும் அவர்கள் காட்டும் செலவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அதில் தகவல் தொடர்புப் பிரிவில் நான் மூன்று மாத இன்டர்ன். மற்றவர்கள் வெயிலில் அலைந்து கண்டுபிடிப்பதை நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டும், படம் போட வேண்டும், ரீல்ஸ் எடுக்க வேண்டும். இன்டர்ன்கள் இரண்டு பேர். அந்தப் பிரிவில் காலியாக இருந்த வேலை ஒன்று. எங்கள் தலைவி லதா மேடம் என்னைக் கூப்பிட்டு, "சுவர் விளம்பரத்தைப் பத்தி ஒரு கதை கொண்டு வா. அதுல ஒரு முகம் இருக்கணும், பேர் இருக்கணும், படம் இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். நல்லா வந்தா அந்த வேலை உனக்கு" என்றார்.

பொள்ளாச்சியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "செவுத்தை அளக்கறதுக்கா கண்ணு எம்.ஏ. படிச்சே?" என்றார். போனை வைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். எங்கள் ஊரில் வெயிலுக்குக்கூடக் கொஞ்சம் மரியாதை தெரியும். வாசலில் நின்று, 'வரலாங்களா' என்று கேட்டுவிட்டுத்தான் வரும். உத்திரமேரூர் வெயில் செருப்போடு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

என்னை அழைத்துப்போக வந்தவர் சங்கீதா. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வயது முப்பத்தைந்து இருக்கும். எங்கள் அமைப்புக்குச் சம்பளம் வாங்காத தொண்டர்.

"நீதான் கோயமுத்தூரா?"

"பொள்ளாச்சிங்க."

"எல்லாம் ஒண்ணுதான். வண்டில குந்து."

அதற்குப் பிறகு ஐந்து நாளும் என் பெயர் கோயமுத்தூர்தான். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் கேட்கவே இல்லை. இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, "எல்லாக் கட்சிக்காரனும் எங்கிட்டதான் ஜெராக்ஸ் எடுக்கறான். எவன் இன்னா பண்ணிக்கினு கீறான்னு எனக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சத வயித்துல வெச்சிக்கினு இருந்தா செரிக்க மாட்டேங்குது" என்றார்.

மதியம் ஒரு மெஸ்ஸில் கருவாட்டுக் குழம்பு. தேங்காயைப் பார்த்து வளர்ந்த நாக்கு என்னுடையது. முதல் வாயிலேயே காதில் புகை வந்தது. பரிமாறிய அம்மா என் கண்ணீரைப் பார்த்துவிட்டு, "வூட்டு ஞாபகமா?" என்று பரிவோடு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

பிறகு கோயில் கல்வெட்டுக்கு முன்னால் ஒரு ரீல்ஸ் எடுத்தோம். உத்திரமேரூர் வரை வந்துவிட்டு அதை எடுக்காமல் போனால் லதா மேடம் மன்னிக்க மாட்டார். கணக்குக் காட்டாதவனும் அவனுடைய சொந்தக்காரர்களும் குடவோலைத் தேர்தலுக்கு நிற்கக் கூடாது என்று சோழர் காலத்திலேயே சுவரில் வெட்டி வைத்த ஊர். அந்தச் சொந்தக்காரர் பட்டியலில் சித்தி மகன், பெரியம்மா மகன், மாமனார் வரை வருகிறார்கள். சங்கீதா கேமராவைப் பிடித்துக்கொண்டே, "அப்பிடிப் பார்த்தா இன்னிக்கு இந்தத் தொகுதில நிக்க ஆளே கெடைக்காது" என்றார். அது ரீல்ஸில் பதிவாகிவிட்டது. நறுக்கினேன்.

அந்த ஊரில் எந்தக் கட்சியும் இடம் பிடித்து வைக்காத சுவர் அந்தக் கல்வெட்டுச் சுவர் ஒன்றுதான் என்று அடுத்த நாள் எனக்குத் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் தேர்தல் வாசனை அடித்ததுமே கட்சிக்காரர்கள் சுவர் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல சுவர் கிடைத்ததும் மூலையில் கட்சிப் பெயரை எழுதி, பக்கத்தில் 'ரிசர்வ்டு' என்று போட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓர் அம்புக்குறி இழுத்து விடுகிறார்கள். படம் வரைவது பிறகுதான். அம்புக்குறி விழுந்த சுவரை எதிர்க்கட்சிக்காரன்கூடத் தொட மாட்டான். ஆளுக்கு ஆள் கல்லெறிந்துகொள்ளும் கூட்டத்தில் இப்படி ஒரு நாகரிகம் இருப்பதைப் பார்த்து எனக்குப் புல்லரித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நாங்கள் சாலவாக்கம் சாலையில் போனோம். விளம்பரத்தின் நீளம், உயரம் அளந்து, எந்தக் கட்சி, வீட்டுக்காரர் எழுத்தில் அனுமதி கொடுத்தாரா என்று குறித்து, படத்தோடு போனிலேயே அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுமதி இல்லாத சுவர்களின் பட்டியல் அங்கிருந்து அன்றாடம் தேர்தல் அதிகாரிகளுக்குப் போகும். அவர்கள் ஆள் அனுப்பி எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பார்கள். செலவு வேட்பாளர் தலையில்.

முதல் ஊரில் டேப்பை இழுத்தேன். பத்து நிமிடத்தில் பாதி ஊர் கூடிவிட்டது.

"ரோடு வருதா, கம்பெனி வருதா?" என்று கேட்டார் ஒரு பெரியவர். குரல் நடுங்கியது. இந்த மாவட்டத்தில் டேப் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் யாரும் நிலத்தை எடுக்காமல் திரும்பியதில்லையாம். ஒருத்தர், "எங்க வூட்ட வுட்டுட்டு அந்தாண்ட அளந்துக்கோ" என்று டேப்பின் மறுமுனையை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சுவரில் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பிடுங்கித் திரும்ப இங்கே வைத்தார். ஓர் அம்மா பட்டா நகலைப் பிளாஸ்டிக் கவரோடு கொண்டுவந்து என் கையில் திணித்தார். நான் சுவரில் இருக்கும் விளம்பரத்தைத்தான் அளக்கிறேன் என்று விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

"சுவத்துல எயுதினத அளக்கறதுக்கா ஒனக்குச் சம்பளம்?" என்றார் பெரியவர். பயம் தெளிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னும் சம்பளம் இல்லைங்க. இன்டர்ன்."

"அப்ப சும்மாவா அளக்கற?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து ஒரு சொம்பு மோர் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஊரில் டேப்போடு நின்றால் தையல்காரி என்று நினைத்திருப்பார்கள். மோர் கிடைத்திருக்காது.

அடுத்த ஊருக்குப் போகும் வழியில் விழுந்தோம். அறுவடைக் காலம். தார்ச்சாலையில் ஒரு பாதியில் நெல் காய்கிறது, மறுபாதியில் பேருந்து போகிறது. எதிரே பேருந்து வந்ததும் சங்கீதா வண்டியை நெல்லின் மேல் ஏற்றினார். வண்டி வழுக்கி, அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம். நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா, "அய்யய்யோ" என்று ஓடிவந்தார். நான் முழங்காலைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்றேன். "ஒன்ன எவ கேட்டா? நெல்லப் பாரு, மண்ணோட கலந்துட்ட!" என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து கல் பொறுக்கினோம்.

அதற்குப் பிறகு வந்த ஊரில்தான் அந்தச் சுவரைப் பார்த்தேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே ஒரு சிறிய தளம் போட்ட வீடு. மூன்று பக்கமும் மழை வழிந்து கறுத்த பாசிச் சுவர். முன்பக்கம் மட்டும் கல்யாண மேடை போல ஜொலித்தது. வேட்பாளர் முகம், மீசை, கும்பிட்ட கை, சின்னம். எந்தச் சின்னம் என்று இங்கே எழுதினால் அதுவும் விளம்பரம்தான், அதை அளக்க யாராவது வருவார்கள். படம் எடுப்பதற்கென்றே வரைந்த சுவர் மாதிரி இருந்தது.

வீடு பூட்டியிருந்தது. வீட்டுக்காரரைக் கேட்காமல் எந்தச் சுவரையும் அனுப்பக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் விதி. பயிற்சியின் முதல் நாளே அதை எழுதி எழுதிக் காட்டினார்கள். "சாயங்காலம் வந்து கேட்டுக்கலாம்" என்றார் சங்கீதா. எனக்கு முழங்கால் எரிந்தது, வெயில் எரிந்தது, போனில் சார்ஜ் தீரப்போகிறது என்று சிவப்புக் கோடு எரிந்தது. யாரைக் கேட்டால் என்ன, எழுதியிருப்பது எழுதியிருப்பதுதானே என்று 'அனுமதி இல்லை' என்பதைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை வண்டி மெக்கானிக்கிடம் இருந்ததால் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பேருந்து. பாதி வழியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு நுங்கு தின்ன இறங்கினார். கோபப்பட்டு எழுந்தவர்கள் எல்லாரும் அவர் பின்னாலேயே இறங்கி நுங்கு தின்றார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துப் பேருந்துகளில் பாட்டுச் சத்தம் அதிகம், இளநீர்க்கெல்லாம் நிறுத்த மாட்டார்கள். நானும் இரண்டு தின்றேன்.

பூட்டியிருந்த அந்த வீட்டில் அன்றைக்கு ஆள் இருந்தது. மல்லிகா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நாற்று நடவு, களையெடுப்பு, அறுவடை என்று கூலி வேலைக்குப் போகிறவர். கணவர் இல்லை. ஒரே மகள் நிவேதா, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை.

"வாங்க, குந்துங்க. லோன் கம்பெனியா?" என்றார் எங்களைப் பார்த்ததும்.

இல்லை என்றதும் முகம் மலர்ந்து, இரண்டு சொம்பில் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கடித்துக்கொள்ள மோர்மிளகாய் வைத்தார். நான் சுவரின் அழகைப் புகழ்ந்தேன். கதைக்கு முகம் கிடைத்துவிட்டது, பெயர் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"அந்த மூஞ்சி எனக்கெதுக்கு?" என்றார் மல்லிகா. "முன்னாடி சுவத்தக் குடுத்தா நாலு பக்கமும் சுண்ணாம்பு அடிச்சித் தரேன்னாங்க. அதுக்காகத்தான் வாயால சரின்னேன், எயுதியெல்லாம் குடுக்கல. முன்னாடி எயுதிட்டாங்க. மத்தது நாளைக்கு வந்து அடிக்கறாங்க. வெள்ளிக்கெயம காலைல எம்பொண்ணுக்கு நிச்சயம்."

நிவேதாவோடு கம்பெனியில் வேலை செய்யும் பையன். இருவரும் ஆசைப்பட்டது. பையனின் அம்மாவுக்கு அரை மனது. முதல் முறையாக வீட்டைப் பார்க்க வருகிறார். இதற்கு முன்னால் வந்த ஒரு சம்பந்தம் வாசல்வரை வந்து, பாசி பிடித்த சுவரைப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போயிருக்கிறது. "இந்த வாட்டி அப்பிடி ஆவக் கூடாதும்மா. ஆச்சின்னா அவ தாங்க மாட்டா" என்றார்.

கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தேன். வெளியே போய் லதா மேடத்துக்குப் போன் செய்தேன். நேற்று அனுப்பிய சுவரை எடுத்துவிட முடியுமா என்றேன். "அந்த லிஸ்ட் காலையிலேயே போயிடுச்சே. நாளைக்கு வெள்ளையடிக்க ஆள் வரும். ரொம்ப நல்ல படம்பா அது. அதையே கதையா எழுது" என்றார். குரலில் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்காக ஒரு வாரமாகத் தவம் கிடந்தவள் நான்.

உள்ளே வந்து மல்லிகாவிடம் உள்ளதைச் சொன்னேன். புகார் போய்விட்டது, நாளைக்கு முன்சுவர் எழுத்தை அழிப்பார்கள், அதிகாரிகளைப் பார்த்தால் கட்சி ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று.

அவர் சத்தம் போடவில்லை. "வூட்டுக்குச் சொந்தக்காரி நானு. என்ன ஒரு வார்த்தை கேக்கத் தோணலியா ஒனக்கு? அவனுங்களாவது கேட்டுட்டு எயுதினானுங்க" என்றார்.

ஊரெல்லாம் திருடனைப் பிடிக்கிறேன் என்று கிளம்பியவளுக்கு இதைவிடச் செருப்படி கிடையாது. சுண்ணாம்புச் செலவை நானே கொடுத்துவிடுகிறேன் என்று உளறினேன்.

"வேணாம். இன்னிக்குக் காசு குடுப்ப, நாளைக்கு நீயும் வந்து சுவத்தக் கேப்ப" என்றார்.

"காசு குடுத்தாலும் ஆளு கெடைக்காதுக்கா. பிரஷ் புடிக்கத் தெரிஞ்சவன் எல்லாரும் கட்சி வேலைல கீறான்" என்றார் சங்கீதா. "வெள்ளையடிக்க வர்ற கவர்மெண்ட்டு ஆளுங்களையும் கேக்க முடியாது. எயுத்து கீற சுவத்துக்கு மட்டுந்தான் அடிப்பாங்க. பக்கத்துச் சுவத்துக்கு ஒரு சொட்டு வுட மாட்டாங்க."

மல்லிகா அவரை நிமிர்ந்து பார்த்தார். "எயுத்து கீற சுவத்துக்கு எல்லாம் அடிப்பாங்களா?"

"ஆமாக்கா. ரிசர்வ்டுன்னு போட்ருந்தாகூட அடிக்கணும், ரூல்சு."

"சரி, கெளம்புங்க. எனக்கு வேலை கீது" என்றார் மல்லிகா. பாதிக் கூழ் சொம்பிலேயே இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே, சரியாகி வந்த வண்டியில் போய்விட்டோம். வீட்டைப் பார்த்ததும் சங்கீதா பிரேக் போட்டார். வலப்பக்கச் சுவரில் கட்சிப் பெயர், 'ரிசர்வ்டு', அம்புக்குறி. இடப்பக்கமும் அப்படியே. பின்பக்கம் அம்புக்குறி இரண்டு. ஆட்டுக் கொட்டகையில் 'வெற்றி நமதே'. கொல்லையில் இருக்கும் கழிப்பறைச் சுவரில் 'உங்கள் வீட்டுப் பிள்ளை'. எல்லாம் ஒரே வெளிர்நீல நிறம், ஒரே கையெழுத்து. எழுத்துகளில் ஈரம் காயவில்லை. கிணற்றடியில் துணிக்குப் போடும் சொட்டு நீலப் பாட்டில் இரண்டும் கோலமாவு டப்பா ஒன்றும் காலியாகக் கிடந்தன. மல்லிகாவின் கைகள் மணிக்கட்டு வரை நீலமாக இருந்தன. அவர் எங்களைக் கண்டுகொள்ளாமல் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு அதிகாரி ஒருவர் வந்தார், கூடவே சுண்ணாம்பு வாளியோடு இரண்டு ஆட்கள். சற்றுப் பின்னால் பைக்கில் வந்த கட்சிக்காரர்கள் இரண்டு பேர், அதிகாரியைப் பார்த்ததும் யூ டர்ன் அடித்து மறைந்தார்கள்.

அதிகாரி வீட்டை ஒரு சுற்று வந்தார். கழிப்பறைக்கு முன்னால் நின்றுவிட்டார். "இன்னாம்மா இது, கக்கூசுல கூடவா ஓட்டுக் கேப்பானுங்க?"

"அங்கதான சார் எல்லாரும் தெனம் போறாங்க" என்றார் மல்லிகா.

அதிகாரி சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளையும் சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "புகார் அனுப்பினது யாரு?"

நான் முன்னால் போனேன்.

"படத்துல முன்சுவரு மட்டுந்தான் கீது. மிச்சதும் அந்தக் கட்சிக்காரங்க எயுதினதுதானா? எல்லாத்தயும் அடிச்சா அத்தனையும் அந்த வேட்பாளர் செலவுல ஏறும். தெரிஞ்சவங்க கையெழுத்துப் போடணும்."

மல்லிகா தழையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் இமைக்கவில்லை. சங்கீதா வண்டிக் கண்ணாடியில் தன் முகத்தைத் தீவிரமாக ஆராய்ந்தார். வாளி பிடித்திருந்த முனுசாமி என்ற ஆள் எழுத்தின் மேல் விரலை வைத்தார். விரல் நீலமானது. அதை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்.

அந்த வேட்பாளர் எனக்கு மாமனும் இல்லை மச்சானும் இல்லை. ஆனாலும் அவர் செய்யாத செலவை அவர் தலையில் கட்டுவது பொய்தான். பொய்க் கணக்கைப் பிடிப்பதற்காகவே எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் வேலை சுத்தம். முன்சுவர் மட்டும் வெள்ளையாகும், மற்ற மூன்று பக்கமும் நீலமும் பாசியுமாக நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துப் பல்லை இளிக்கும்.

"ஆமாங்க சார்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

"சார், ஆட்டுக் கொட்டாயிக்கு உள்ளாற கூட எயுதிக்கீது சார்" என்று குரல் கொடுத்தார் முனுசாமி. உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதிகாரி சாணியை மிதிக்க விருப்பமில்லாமல், "அடி, அடி" என்று கையை ஆட்டினார்.

சுண்ணாம்போடு நீலம் கலந்தால் வெள்ளை இன்னும் பளிச்சென்று வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மதியத்துக்குள் அந்த வீடு கண்ணைக் கூசவைத்தது.

வெள்ளிக்கிழமை எங்களையும் நிச்சயத்துக்கு வரச் சொல்லியிருந்தார் மல்லிகா. மன்னித்து அழைத்தாரா, எதற்கும் கண் பார்வையில் இருக்கட்டும் என்று அழைத்தாரா, தெரியவில்லை. பையனின் அம்மா வேனிலிருந்து இறங்கினார். செருப்பைக் கழற்றவில்லை. முன்சுவரைப் பார்த்தார். பக்கச் சுவரைப் பார்த்தார். கொல்லைப்புறம் வரை ஒரு நடை போய்வந்தார். நிவேதா கதவுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகம் என் தோலில் பதிந்தது.

"புதுசா அடிச்சீங்களா?" என்றார் அந்த அம்மா.

"கவர்மெண்ட்டு ஆளுங்க வந்து அடிச்சிட்டுப் போனாங்க" என்றார் மல்லிகா. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"கவர்மெண்ட்டா!" என்று அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தார். நிவேதா என் கையை விட்டாள்.

தட்டு மாற்றினார்கள். வடை, பாயசம், எலுமிச்சை சாதம், பெயர் தெரியாத ஏதோ ஒரு பொரியல். எங்கள் ஊர் விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தால், 'இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க' என்று மூன்று பேர் கெஞ்சுவார்கள். இங்கே கேட்பதே இல்லை, கொட்டிவிட்டுப் போகிறார்கள். கிளம்பும்போது மல்லிகா வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார். விரலில் நீலம் இன்னும் போகவில்லை.

"கோவம் இன்னும் கீது. ஆனாலும் நல்லா சாப்ட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேனுங்க" என்றேன். அழுகை வந்தது. கருவாட்டுக் குழம்பு மேல் பழி போட அங்கே கருவாடும் இல்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்து லதா மேடத்துக்குப் போன் செய்தேன். முன்சுவரைக் கேட்காமல் அனுப்பியதிலிருந்து கழிப்பறை வரை எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தைத் திரும்பப் பெற வேண்டும், முன்சுவரைத் தவிர மற்றதை வேட்பாளர் செலவிலிருந்து எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்கிறேன் என்றேன்.

"எழுதினது அந்தம்மான்னு உனக்கு நேத்தே தெரியுமா?" என்றார்.

"தெரியும் மேடம்."

"அப்ப நேத்தே ஏன் சொல்லல?"

"நேத்து சுண்ணாம்பு காயலைங்க மேடம்" என்றேன்.

கடிதத்தைச் சங்கீதாவின் கடையில் உட்கார்ந்து எழுதினேன். சங்கீதா அதை இரண்டு முறை படித்துவிட்டு, நகல் எடுத்ததற்குக் காசு வாங்காமல் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். கடிதம் போய்ச் சேர்ந்ததும் அதிகாரிகள் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டினார்கள். வேட்பாளரின் கணக்கிலிருந்து கழிப்பறையும் கொட்டகையும் இறங்கின. மல்லிகா வீட்டுச் சுவரிலிருந்து சுண்ணாம்பை யாராலும் இறக்க முடியவில்லை. வேலை இன்னொரு இன்டர்னுக்குப் போனது. நான் அதற்கு மிகவும் ஆசைப்பட்டிருந்தேன். அது கிடைக்காது என்று வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டதால், அன்றைக்குப் பேருந்து செங்கல்பட்டு தாண்டும் வரை, பக்கத்து இருக்கை அம்மா பயந்து நகரும்படி அழுதேன்.

மூன்று மாதம் முடிந்ததும் சான்றிதழ் தபாலில் வந்தது. எங்கள் அமைப்பில் எல்லா இன்டர்ன் சான்றிதழிலும், பெயருக்குக் கீழே 'நேர்மையுடன் பணியாற்றினார்' என்று அச்சடித்த வரி ஒன்று இருக்கும். என்னுடையதில் அந்த வரி இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "என்ன கண்ணு, இங்க ஒரு வரி விட்டுப்போச்சாட்ட இருக்குது?" என்றார். இல்லைம்மா, அவர்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றேன்.